பரவும்போது மாறும் புற்றுநோய்

"கட்டியில் கத்தி வைத்தால் நோய் உடம்பெல்லாம் பரவிவிடும்" என்ற பேச்சு நம் வீடுகளில் இன்றும் நடமாடுகிறது. இதை நம்பி, மார்பில் கண்ட கட்டியை மாதக் கணக்கில் மறைத்து வைக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். சிகிச்சையால் சுகமாகிச் சில வருடங்களின் பின் நோய் திரும்பும்போது, "முன்பே சோதித்தாயிற்றே, மறுபடியும் ஏன் சதை எடுக்க வேண்டும்?" என்று மறுத்துவிடும் குடும்பங்களும் உண்டு. இவ்விரண்டுக்கும் காரணம் புற்றுநோய் பரவும் விதத்தை நாம் அறியாதிருப்பதே.

பிரதியில் நேரும் பிழை

நமது உடம்பு கோடானுகோடி கலங்களால் ஆனது. ஒரு கலம் எப்போது பெருக வேண்டும், எப்போது நிற்க வேண்டும், எப்போது மடிய வேண்டும் என்ற கட்டளைகளை அல்லாஹ் அதனுள் பரம்பரை அலகுகளாக அமைத்திருக்கின்றான். கலம் இரண்டாகப் பிரியும்போது அக்கட்டளைகள் பிரதி செய்யப்படுகின்றன. அதில் நேரும் பிழைகளில் பெரும்பாலானவற்றை உடம்பே திருத்திவிடும். திருத்தப்படாத சில பிழைகள் ஒரே கலத்தில் சேர்ந்துவிட்டால், அது கட்டுமீறிப் பெருகும். அதுவே புற்று. பாக்கும் புகையிலையும் சேர்த்து வெற்றிலை மெல்லுவது வாயில் இப்பிழைகளைப் பெருக்குகிறது.

பிழைகள் அத்தோடு நிற்பதில்லை. புற்றுக் கலங்கள் பெருகப் பெருகப் புதிய பிழைகள் சேர்கின்றன. அவற்றுள் வலுத்தவை எஞ்சிப் பெருகுகின்றன. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் நோவெல் 1976இல் இதை விளக்கினார். 2012இல் லண்டன் ஆய்வாளர்கள் சிறுநீரகப் புற்றுக் கட்டிகளைப் பல இடங்களில் வெட்டிச் சோதித்தார்கள். கண்ட விகாரங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, கட்டியின் எல்லாப் பகுதிகளிலும் இருக்கவில்லை! ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளே ஆனாலும் குணம் வேறு வேறு.

கற்பிட்டித் தோட்டத்துப் பாடம்

கற்பிட்டியில் மிளகாய்த் தோட்டம் செய்பவரைக் கேட்டுப் பாருங்கள். ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் பூச்சிகளில் பெரும்பாலானவை சாகும். தாங்கிய சில பிழைத்துப் பெருகும். பிறகு அந்த மருந்து பலிக்காது. புற்றிலும் இப்படித்தான் நடக்கிறது. சிகிச்சைக்குத் தப்பிய கலங்கள் இரத்தத்திலும் நிணநீரிலும் சென்று எலும்பிலோ, ஈரலிலோ, நுரையீரலிலோ குடியேறலாம். 1889இல் ஸ்டீபன் பஜட் என்ற ஆங்கில வைத்தியர், மார்புப் புற்றால் இறந்த 735 பெண்களின் பதிவுகளை ஆராய்ந்து, விதைக்கு ஏற்ற நிலம் வாய்த்த இடத்திலேயே அது முளைக்கிறது என்றார்.

ஈரலில் குடியேறிய மார்புப் புற்று, ஈரல் புற்றாகிவிடாது. அது மார்புப் புற்றின் சந்ததியே. ஆனால் தாய்க் கட்டியின் குணம் முழுவதும் அதில் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதற் கட்டி ஹோர்மோனுக்குக் கட்டுப்பட்டதாயிருக்க, பரவிய கட்டி சிலருக்கு அவ்வாறில்லாமல் போகிறது. பழைய மாத்திரையையே விழுங்கினால் பயன் கிட்டாது.

வைத்தியர் மறுபடியும் பயொப்ஸி கேட்பது இதனாலேயே. ஊசி குத்துவதால் நோய் பரவுவது மிக மிக அரிது. சோதிக்காமல் பொருந்தாத மருந்தில் மாதங்களைக் கழிப்பதே பெரும் ஆபத்து.

முந்திக்கொள்ளுங்கள்

அரபியில் புற்றுநோய்க்கு 'ஸரதான்' என்று பெயர். நண்டு என்பது பொருள். ஆயிரம் வருடங்களுக்கு முன் ஸ்பெயினில் வாழ்ந்த முஸ்லிம் சத்திர வைத்தியர் அஸ்ஸஹ்ராவி, புற்று சிறிதாகவும் ஆரம்பத்திலும் இருந்தால் முழுதாய் வெட்டி அகற்றலாம், முற்றிப் பெருத்ததை நெருங்க வேண்டாம் என எழுதினார். இன்று முற்றிய நோய்க்கும் சிகிச்சை உண்டு. எனினும் சிறிய கட்டியில் விகாரங்களுக்குப் பெருகும் அவகாசம் குறைவு என்பதால், முந்தி வருவதன் பலன் மாறவில்லை.

இலங்கைப் பெண்களிடையே அதிகம் காணப்படுவது மார்புப் புற்றுநோய். 1996 முதல் நம் நாட்டில் சுகவனிதையர் கிளினிக்குகள் நடக்கின்றன. முப்பத்தைந்து வயதான சகோதரிகள் அங்கு சென்று மார்பையும் கருப்பைக் கழுத்தையும் சோதித்துக்கொள்ளலாம். வெட்கம் தடையாக வேண்டாம். பெண் வைத்தியர் இருந்தால் அவரிடம் காட்டுங்கள். இல்லாத நிர்ப்பந்தத்தில் ஆண் வைத்தியர் தேவையான அளவு பார்ப்பதற்கு மார்க்கம் இடமளிக்கிறது.

நோய்க்கு மருந்து தேடுவது நபி (ஸல்) அவர்கள் காட்டிய வழி. துஆவும் ஓதிப் பார்ப்பதும் சிகிச்சையுடன் சேர்ந்து நடக்கட்டும். அதற்குப் பதிலாக வேண்டாம். வாப்பாமாரே, கணவன்மாரே! மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்குப் போய்வர ஒரு நாள் வேலை கெடும். பஸ் செலவும் உண்டு. அதை எண்ணித் திகதியைத் தவற விடாதீர்கள். கொடுத்த மருந்தை இடையில் நிறுத்தாதீர்கள். முன்னைய சோதனை அறிக்கைகளைப் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு முறையும் கொண்டு செல்லுங்கள். நோய் எப்படி மாறியிருக்கிறது என்பதை வைத்தியர் அவற்றோடு ஒப்பிட்டுத்தான் அறிவார்.

நோயுற்ற நம் தாய்மாருக்கும் சகோதரிகளுக்கும் அல்லாஹ் பூரண ஷிபாவை அருள்வானாக! ஆமீன்.