கிராமத்துக் காயங்களும் சங்கத்தின் கடமையும்

ஆபத்து மிகுந்த இடம் நகரமே என்பது நம்மில் பலருடைய எண்ணம். கணக்கோ வேறு விதமாகக் கூறுகின்றது. 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துக்களில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் கிராமப்புறச் சாலைகளிலேயே உயிரிழந்தனர்.

ஆபத்து சாலையோடு நிற்பதில்லை. 2000 முதல் 2019 வரை இருபது ஆண்டுகளில் பாம்புக்கடியால் நம் நாட்டில் சுமார் 12 லட்சம் பேர் மடிந்தனரென ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். மிகப் பெரும்பாலோர் கிராமவாசிகள். ஏறக்குறையப் பாதிப்பேர் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழை மாதங்களில் இறந்தவர்கள். இவையன்றி, கதிரடிக்கும் இயந்திரத்தில் கை சிக்குவதும், விசைத்தறியின் நாடா தெறித்துக் கண்ணைத் தாக்குவதும், சுற்றுச்சுவரில்லாக் கிணற்றில் குழந்தை வீழ்வதும் நம் அங்கத்தினர் அறியாதவை அல்ல.

நகரத்திலும் காயங்கள் நேர்கின்றன. ஆனால் அங்கே மருத்துவமனை அருகில் உள்ளது. கிராமத்திலோ வண்டி தேடுவதிலும் மந்திரிப்பவரை நாடுவதிலும் காலம் கழிந்துவிடுகின்றது. பாம்பு கடித்த இடத்தைக் கீறுதலும், கயிற்றால் இறுகக் கட்டுதலும், வாயால் உறிஞ்சுதலும் தீங்கே விளைக்கும். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்லுதலே முறையாகும்.

அம்மருந்துக்கும் கூட்டுறவுக்கும் நெருங்கிய உறவு உண்டு. பாம்புத்தோல் வாணிபம் தடைப்பட்டதால் பிழைப்பிழந்த இருளர்கள், 1978-இல் வடநெம்மேலியில் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் விஷத்தையும் எடுத்து மருந்துத் தயாரிப்புக்கு வழங்கி, பாம்புகளைத் திரும்பக் காட்டில் விடுகின்றனர். ஏழைத் தொழிலாளர் கூடி அமைத்த ஒரு சங்கம், கடிபட்ட உழவரின் உயிரைக் காக்கின்றது!

நம் சங்கங்களும் இயன்றதைச் செய்தல் வேண்டும். 108 என்ற இலவச ஆம்புலன்ஸ் எண்ணைச் சங்கச் சுவரில் பெரிதாக எழுதுக. விஷமுறிவு மருந்து எந்த மருத்துவமனையில் உள்ளதென விசாரித்து அறிவிப்புப் பலகையில் இடுக. இரவில் வண்டி கொடுக்க இசையும் அங்கத்தினரின் பெயர்களையும் அதிலேயே குறித்து வைக்கலாம். வயலில் இறங்குவோர் காலணி அணிவதும், இருளில் நடப்போர் கைவிளக்கு ஏந்துவதும் வழக்கமாதல் நலம். இவற்றுக்கு ஆகும் செலவு சொற்பமே.

நூலும் விதையும் கடனும் வழங்குவது சங்கத்தின் கடமையாயின், அவற்றைக் கொண்டு உழைக்கும் கையைக் காப்பதும் அதன் கடமையேயாம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதைப் பற்றி அங்கத்தினர் ஆலோசிப்பார்களாக.