புதுவைத் தெருவிலே ஒரு சிற்றிரயில்

இரயில் வண்டியை விரும்பாத குழந்தை உண்டோ? பிறந்த நாளுக்கோ, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கோ பொம்மை இரயில் ஒன்று வீட்டிற்கு வந்துவிட்டால், முதல் மூன்று நாள்களுக்கு வீடே அமர்க்களப்படும். தண்டவாளத் துண்டுகளை இணைத்துத் தரையில் வட்டமிட்டு, வண்டியை ஓடவிட்டுப் பிள்ளைகள் கைகொட்டுவர். ஒரு வாரம் கழிந்தபின் அந்த வண்டி அலமாரியின் மேல்தட்டில் தூசி படிந்து கிடக்கும். காரணம் என்ன? வண்டியில் குறையில்லை. அது போய்ச் சேருவதற்கு ஓர் ஊர் இல்லை, அதுவே குறை.

ஒரு நிலையத்தை வைத்துப் பாருங்கள். அதனருகே ஓர் இரயில்வே கேட், கைகாட்டி மரம், ஒரு தெரு, தெருவில் நான்கு வீடுகள் வைத்துப் பாருங்கள். வட்டமடித்த வண்டி அப்பொழுதே பயணம் புறப்பட்ட வண்டியாகிவிடும். இந்த உண்மையை உணர்ந்தே மேலை நாடுகளில் பெரியவர்களும் பல்லாண்டுகளாக இரயிலுக்கு ஏற்ற சிறு கட்டடங்களைச் செய்து மகிழ்கின்றனர். அக்கலையை நம் புதுவைக் குடும்பங்கள் எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதையே இங்கே காண்போம்.

பனிநாட்டு வீடுகள்

ஜெர்மனியின் பிளாக் பாரஸ்ட் மலைநாட்டில், குட்டன்பாக் என்னும் சிற்றூரில், 1946ஆம் ஆண்டு ஃபாலர் சகோதரர்கள் ஒரு தொழிலைத் தொடங்கினர். மாதிரி இரயில் பாதைக்கு வேண்டிய வீடு, நிலையம், கோவில் முதலியவற்றைத் துண்டு துண்டாகப் பெட்டியில் அடைத்து விற்பது அவர்கள் தொழில். வாங்குவோர் பசையிட்டு ஒட்டினால் வீடு தயார். இன்று உலகெங்கும் அத்தகைய பெட்டிகள் விற்பனையாகின்றன. ஹாம்பர்க் நகரில் பிரவுன் சகோதரர்கள் 2001இல் திறந்த சிற்றுரு உலகம், இக்கலை எவ்வளவு உயரம் எட்டலாம் என்பதற்குச் சான்று. நம் நாட்டிலும் புனே நகரின் கோத்ரூட் பகுதியில், பி. எஸ். ஜோஷி அவர்களின் வாழ்நாள் உழைப்பால் உருவான சிற்றுரு இரயில் காட்சியகம் 1998இல் திறக்கப்பட்டது. ஒரு சிறு நகரமே அங்கே வண்டிகளின் நடுவே விளக்கேற்றி நிற்கிறது.

ஆனால் கடையில் வாங்கும் பெட்டி வீடுகளைச் சற்று உற்று நோக்குங்கள். கூரை செங்குத்தாகச் சரிந்திருக்கும். பனி தங்காமல் வழுக்கி விழ வேண்டும் அல்லவா? கூரையின் மேல் புகைபோக்கி இருக்கும். குளிருக்கு அடுப்பு மூட்டுவோர் வீடு அது. அவ்வீட்டை அப்படியே நம் மேசையில் வைத்தால் நம் பிள்ளைகளின் இரயில் என்றும் அயல்நாட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே கைத்திறன் உள்ளவர்கள் அதை மாற்றியமைக்கிறார்கள். செங்குத்துக் கூரையை நீக்கி, மொட்டை மாடியும் கைப்பிடிச் சுவரும் வைக்கலாம். புகைபோக்கியை அகற்றலாம். வாசலில் திண்ணை சேர்க்கலாம். சுவருக்குச் சுண்ணாம்பு வெள்ளையோ மஞ்சள் காவியோ பூசலாம். இதைவிட மேலான வழி, வீட்டை முழுவதும் நாமே அட்டையில் கட்டுவது. செலவும் குறைவு, வீடும் நம் தெருவின் வீடாகவே இருக்கும்.

இவ்வகை எண்ணம் நமக்குப் புதிதன்று. புனித பிரான்சிஸ் அசிசியார் 1223ஆம் ஆண்டில் கிரெச்சோ ஊரில் அமைத்த குடிலின் வழிவந்தவை நம் பாலன் குடில்கள். பிரான்சின் தென்பகுதியான புரோவான்ஸ் மக்கள் தங்கள் குடிலில் இடையரோடு ரொட்டி சுடுபவர், மீன் விற்கும் பெண் எனத் தம் ஊர் மக்களையே களிமண் பொம்மைகளாக நிறுத்துகின்றனர். பெத்லகேமைத் தம் ஊருக்கே அழைத்துக்கொண்டனர் எனலாம். மலைக்குக் காகிதத்தைக் கசக்கியும், குளத்துக்குக் கண்ணாடி வைத்தும், புல்லுக்குக் கேழ்வரகு முளைக்க விட்டும் ஆண்டுதோறும் குடில் கட்டும் நம் குடும்பங்களுக்கு இரயிலுக்கு ஊர் கட்டுவது கடினமான செயலா?

புதுவைக்கு வாய்த்த வசதி

விழுப்புரத்திலிருந்து புதுவைக்கு 1879இல் இரயில் பாதை திறக்கப்பட்டது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த ஊருக்கு வந்த அந்த மீட்டர் பாதை, பின்னாளில் அகலப் பாதையாக மாற்றப்பட்டது. பாதை புதுவையோடு முடிகிறது, அதற்கப்பால் கடல். மாதிரி அமைப்போருக்கு இது பெரிய நன்மை. முனைய நிலையத்துக்கு வட்டப் பாதை தேவையில்லை. ஆறடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உள்ள ஒரு பலகையைச் சுவரோரம் பொருத்தினால் போதும். ஒரு முனையில் நிலையம். மறு முனையில் விழுப்புரம் நோக்கி மறையும் பாதை. நடுவில் நம் தெரு.

அந்தத் தெருவிலும் இருவகை அழகு உண்டு. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே பிரெஞ்சுப் பகுதி: உயர்ந்த மதில், தூண் தாங்கிய வாயில், வளைவுச் சன்னல்கள், சாய்பலகைக் கதவுகள். மேற்கே தமிழர் பகுதி: திண்ணை, மரத்தூண் நிறுத்திய தாழ்வாரம், நாட்டு ஓடு, உள்ளே முற்றம். இரண்டும் கலந்த மாடி வீடுகளும் உண்டு. கீழே தமிழர் திண்ணை, மேலே பிரெஞ்சு வளைவு. உலகின் எந்தக் கடையிலும் இந்த வீடு பெட்டியில் கிடைக்காது.

அளவே அடிப்படை

மாதிரிக் கட்டடத்தில் முதலில் கெடுவது அளவு. வண்டியைவிட நிலையம் சிறியதாகவும், வாசலைவிட மனிதன் பெரியவனாகவும் அமைந்தால் எத்தனை அழகாகச் செய்தாலும் விளையாட்டுப் பொருளாகவே தோன்றும். உலகில் மிகுதியாக வழங்கும் விகிதம் 87க்கு 1. அதாவது உண்மையில் 1 மீட்டர் உள்ளது மாதிரியில் 11.5 மில்லிமீட்டர் ஆகும். 210 சென்டிமீட்டர் உயரமுள்ள வாசல் 24 மில்லிமீட்டர். 60 சென்டிமீட்டர் உயரத் திண்ணை 7 மில்லிமீட்டர். 4 மீட்டர் உயரமுள்ள கீழ்த்தளம் 46 மில்லிமீட்டர். பழைய மீட்டர் பாதையைக் காட்ட விரும்புவோர்க்கு 12 மில்லிமீட்டர் தண்டவாளம் பொருந்தும்.

உங்கள் வீட்டிலுள்ள பொம்மை வண்டி எந்த விகிதம் என்று தெரியவில்லையா? பெட்டியின் கதவை அளந்து பாருங்கள். உண்மையான இரயில் பெட்டியின் கதவு ஏறத்தாழ 190 சென்டிமீட்டர் உயரம் உடையது. பொம்மையின் கதவு 22 மில்லிமீட்டர் இருந்தால் உங்கள் விகிதம் 87க்கு 1. வேறாக இருந்தால் அக்கதவையே அளவுகோலாகக் கொண்டு எல்லா வீடுகளையும் கட்டுங்கள்.

வீட்டை எவ்வாறு அளப்பது? ஏணி வேண்டாம். உரிமையாளரிடம் அனுமதி பெற்று, உங்கள் பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி நேர் எதிரே நின்று ஒரு படம் எடுங்கள். பிள்ளையின் உயரம் உங்களுக்குத் தெரியும். படத்தில் பிள்ளையைப் போல் எத்தனை மடங்கு உயரம் சன்னலும் கைப்பிடிச் சுவரும் என்று கணக்கிட்டால் மாடி வரை அளவு கிடைத்துவிடும். கணக்குப் பாடம் இவ்வளவு இனிமையாக இருக்குமென்று பிள்ளைகள் அன்றுதான் அறிவர். இரயில் பாதையில் மட்டும் இறங்கி அளக்க முற்படாதீர்கள்.

அட்டையும் ஈர்க்குச்சியும்

ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அட்டையில் நான்கு சுவர்களையும் வரைந்து, சுவர்களை வெட்டுமுன் சன்னல்களையும் வாசலையும் முதலில் வெட்டி எடுங்கள். கத்தி வேலை பெரியவர்களுடையது. அட்டையின் ஒரு முகத்தில் மட்டும் வண்ணம் பூசினால் காயும்பொழுது வளைந்துவிடும். இரு முகங்களிலும் பூச வேண்டும். கடற்காற்றின் ஈரம் மிகுந்த நம் ஊரில் இது மிகவும் தேவை. உள்மூலைகளில் சிறு மரத்துண்டுகளை ஒட்டினால் சுவர் நிமிர்ந்து நிற்கும். மைதாப் பசையைப் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலப்பது புத்தகம் கட்டுவோர் வழக்கம்; அது நச்சுப் பொருளாதலால் சிறுவர் கையில் தரலாகாது.

மை தீர்ந்த பேனாவின் முனையால் தடித்த தாளில் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் கோடுகளை அழுத்தினால் நாட்டு ஓட்டின் வரிசை தோன்றும். அதே முனையால் இன்னும் நெருக்கமாக அழுத்தினால் சாய்பலகைக் கதவு. தாழ்வாரத் தூணுக்கு ஈர்க்குச்சி. மாடத்தின் இரும்புக் கம்பிக்குக் கொசுவலைத் துண்டு. தண்டவாளத்துக்கு இடையே சலித்த மணல். புல்லுக்குப் பச்சை தோய்த்த மரத்தூள். கூரையை மட்டும் ஒட்டாமல் எடுத்து மூடும்படி வையுங்கள். மின்கலத்தால் எரியும் சிறு எல்.இ.டி. விளக்கை உள்ளே வைக்க உதவும். வீட்டு மின்சாரத்தை இதற்குப் பயன்படுத்தக் கூடாது.

புதிய வண்ணம் பளபளவென்று இருந்தால் வீடு உயிரற்றுக் காணும். நம் ஊர் மழை சுவரில் என்ன எழுதுகிறது என்று பாருங்கள். கைப்பிடிச் சுவரின் கீழே கரிய கோடுகள். தரையோரம் செம்மண் தெறிப்பு. மிகவும் நீர்த்த கரும்பழுப்பு வண்ணத்தைத் தூரிகையால் மேலிருந்து கீழே இழுத்தால் அவை வந்துவிடும். வீட்டுக்கும் தரைக்கும் இடையே இடுக்குத் தெரியாதபடி மணலையும் பசையையும் இட்டு நிரப்புங்கள். வீடு வைத்த பொருளாக அல்லாமல் மண்ணில் எழுந்ததாகத் தோன்றும்.

சுருக்கும் கலை

இரயில் நிலையத்துக்கு அருகில் இருப்பது 1907இல் அர்ச்சிக்கப்பட்டு, 2011இல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட திரு இருதய ஆண்டவர் ஆலயம். நிலையத்தை அமைத்தவர் அதை விட்டுவிட மனம் கொள்வாரா? ஆனால் ஏறத்தாழ 50 மீட்டர் நீளமுள்ள அவ்வாலயம் நம் விகிதத்தில் 57 சென்டிமீட்டர் ஆகும்; பலகையில் மூன்றில் ஒரு பங்கை அதுவே கொண்டுவிடும். இங்கே அனுபவசாலிகள் ஒரு நெறியைக் கூறுவர். திரும்பத் திரும்ப வருவதைக் குறைக்கலாம்; வாசலையும் சன்னலையும் சிறிதாக்கலாகாது. பக்கச் சுவரில் ஏழு சன்னல் இருந்தால் நான்கு போதும். ஒவ்வொன்றும் முழு அளவில் இருக்கட்டும். கோபுரங்களும் முகப்பின் கூர்வளைவுகளும் சிவப்பும் வெள்ளையும் மட்டும் மாறாதிருந்தால் பார்த்தவர் அனைவரும் ஆலயத்தை அடையாளம் கண்டுகொள்வர். இன்னொரு வழி, பின்சுவரை ஒட்டி முகப்பை மட்டும், விகிதத்தைப் பாதியாக்கி அமைப்பது. தொலைவில் நிற்பதுபோல் கண் ஏற்றுக்கொள்ளும். குடிலில் தூரத்து மலைக்குச் சிறிய ஒட்டகங்களை வைக்கிறோமே, அதே உபாயம்தான்.

ஆகவே எதைக் குறைக்கலாம், எது போனால் வீடே போய்விடும் என்பதை ஒவ்வொரு கட்டடத்திலும் நாம் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது. அதைத் தீர்மானிக்க வேண்டுமானால் அக்கட்டடத்தை நன்றாகப் பார்த்திருக்க வேண்டும். இக்கலையின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது.

இடிந்தபின் யார் சொல்வார்?

கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் எழுப்பிய நகர மன்றம், நாம் மேரி கட்டடம் என்று அழைப்பது, 2014 நவம்பரில் பெய்த மழையில் இடிந்து விழுந்தது. அதே உருவில் மீண்டும் கட்டப்பட்டு 2021 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அளவும் படமும் இல்லாமல் எந்தப் பொறியாளரும் மறைந்த கட்டடத்தை அதே உருவில் எழுப்ப இயலாது. பெரிய கட்டடத்துக்கு அவற்றைப் பாதுகாக்க நிறுவனங்கள் உண்டு. வைசியாள் வீதியின் வீடுகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோ பாராட்டு கிடைத்தது. அது நம் ஊருக்குப் பெருமை. ஆனால் உங்கள் தாத்தாவின் வீட்டுக்கு? பங்கு பிரிந்து, கூரை ஒழுகி, ஒருநாள் அடுக்கு மாடிக்கு இடம் விட்டு மறையும் தமிழர் தெரு வீட்டுக்கு அளவெடுத்தவர் யார்? அதன் திண்ணை எத்தனை அடி, தூணின் போதிகையில் என்ன பூ, சன்னலுக்கு மேல் எந்த வளைவு என்று இடிந்தபின் யார் சொல்வார்?

பொம்மை இரயிலுக்காக ஒரு சிறுவன் எடுக்கும் அளவு அந்தக் குறிப்பை விட்டுச்செல்கிறது. தாத்தா அருகிலமர்ந்து, "இந்தச் சன்னல் பின்னால் வைத்தது, முன்பு இங்கே மாடம் இருந்தது" என்று சொல்லச் சொல்ல, பேரன் அட்டையில் மாடத்தை வெட்டுகிறான். அந்த வீடு ஒருவேளை விற்கப்படலாம். ஆயினும் அதன் உருவம் குடும்பத்தில் தங்கும்.

எனவே பெற்றோரே, அடுத்த விடுமுறையில் இரயிலை அலமாரியிலிருந்து கீழே இறக்குங்கள். ஒரு குறிப்பேடும் அளவு நாடாவும் பிள்ளைகள் கையில் கொடுங்கள். முதல் வீடாக அரண்மனை வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் வீட்டையே கட்டுங்கள். அளவுகளையும் தேதியையும் குறிப்பேட்டில் எழுதிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வீடு பக்கத்து வீடாகட்டும். ஆண்டுக்கு இரண்டு வீடு எழுந்தாலும், பிள்ளைகள் வளர்ந்து முடிப்பதற்குள் உங்கள் தெரு முழுவதும் அந்தப் பலகையில் ஏறியிருக்கும்.