லிவிட் (ஆங்கிலப் பெயரடை)

லிவிட் என்பது கடுங்கோபத்தைக் குறிக்கும் ஆங்கிலப் பெயரடை ஆகும். எனினும் கோபம் என்பது இச்சொல்லுக்குப் பிற்காலத்தில் சேர்ந்த பொருளே. அடிபட்டுக் கன்றிய தோலின் கருநீல நிறமே இதன் பழைய பொருள். இதை அறியாதவர் பழைய நூல்களையும் மருத்துவக் குறிப்புகளையும் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும்.

சொற்பிறப்பு

நீலம் பாய்ந்த, ஈய நிறமான என்று பொருள்படும் லிவிடுஸ் என்ற இலத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. பின்னர், வெளிறிய முகத்தையும் குறித்தது. சினத்தால் நிறம் மாறிய முகத்தை "லிவிட் வித் ரேஜ்" என்றனர். இங்கு ரேஜ் என்பதே சினம். லிவிட் என்பது நிறம். காலப்போக்கில் லிவிட் என்ற சொல் மட்டுமே சினத்தை உணர்த்தலாயிற்று. இப்பொருள் 20ஆம் நூற்றாண்டில் பரவியது.

தமிழிலும் "கை கன்றிவிட்டது" என்பது காயத்தையும், "முகம் கன்றிப்போயிற்று" என்பது மனநிலையையும் காட்டுவது இதனுடன் ஒப்பிடத்தக்கது.

பொருளை அறியும் முறை

வாக்கியத்தில் சொல் நிற்கும் இடம் பெரும்பாலும் பொருளைக் காட்டிவிடும்.

"ஷி வாஸ் லிவிட்": அவள் கடுங்கோபத்தில் இருந்தாள். ஆளைப் பற்றிய பயனிலையாக வருவதால் கோபம்.

"எ லிவிட் புரூஸ்": கருநீலமாகக் கன்றிய காயம். உடற்குறியைச் சொல்லும் பெயருக்கு முன் வருவதால் நிறம்.

19ஆம் நூற்றாண்டுப் புதினத்தில் ஒருவரின் முகம் லிவிட் எனப்பட்டால், அச்சத்தாலோ நோயாலோ வெளிறியதாகவும் இருக்கலாம். முன்பின் வரிகளைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

தடயவியல் மருத்துவத்தில் லிவிடிட்டி என்பது இறந்தபின் தோன்றும் நிறமாற்றம். இதயம் நின்றபின் இரத்தம் புவியீர்ப்பால் உடலின் தாழ்ந்த பகுதிகளில் தேங்குவதால் அங்குத் தோல் ஊதா நிறமாகும். இறந்த நேரத்தைக் கணிக்கவும், உடல் இடம் மாற்றப்பட்டதா என்று ஆராயவும் இது உதவுகிறது.

பயன்பாட்டுக் குறிப்புகள்

ஆங்ரி என்பது பொதுவான கோபம்; லிவிட் அதன் உச்சநிலை. ஆகவே "வெரி லிவிட்" என்பதைவிட "அப்சல்யூட்லி லிவிட்" என்பதே இயல்பு. ஆள்மீது கோபம் என்றால் வித் என்ற முன்னிடைச்சொல்லும், செய்தி குறித்த கோபம் என்றால் அபௌட் என்பதும் வரும். சிறு எரிச்சலுக்கு இச்சொல் பொருந்தாது.

ஒலியால் நெருங்கிய விவிட் வேறு சொல். அது தெளிவான, பளிச்சென்ற என்று பொருள்படும்.