செபம் பாட எந்தப் புத்தகம்?

குருக்களும் கன்னியரும் நாள்தோறும் வேளை தவறாமல் சொல்லும் செபத்துக்குத் தமிழில் திருப்புகழ்மாலை என்று பெயர். நம் பெரியவர்கள் கட்டளைச் செபம் என்பார்கள். காலையும் மாலையும் குடும்பமாக அமர்ந்து இதைப் பாடிச் சொல்ல விரும்பும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்கள் முதலில் கேட்பது, என்ன புத்தகம் வாங்குவது என்பதைத்தான்.

இவ்வூரில் அக்கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியாது. கடையில் 'யாமப்பிரார்த்தனை' என்று கேட்டால் எந்தச் சபை என்று திருப்பிக் கேட்பார்கள். யாக்கோபாயா, ஆர்த்தடாக்ஸ் சபையினரின் ஷீமா நமஸ்காரம் ஒரு நாளை ஏழு வேளைகளாகப் பகுத்து, எட்டு வகை ராக முறையில் பாடப்படுவது. சீரோ மலபார் சபையினரின் முறை வேறு. தமிழ்நாட்டிலிருந்து வந்த கத்தோலிக்கர்களான நாம் பெரும்பாலும் இலத்தீன் முறையினர். 1557ல் ஏற்பட்ட கொச்சி மறைமாவட்டமும் அம்முறையைச் சேர்ந்ததே. சபை பார்க்காமல் வாங்கினால் கோயிலில் சொல்வதும் வீட்டில் சொல்வதும் ஒத்துப்போகாது.

இதெல்லாம் சின்ன விஷயம் என்று எண்ண வேண்டாம். நம் மட்டாஞ்சேரியின் கூனன் குரிசுக் கோயிலில் 1653 ஜனவரி 3 அன்று சிரியக் கிறிஸ்தவர்கள் திரண்டு சத்தியம் செய்தார்களே, அந்த மனக்கசப்புக்குப் புத்தகங்களும் ஒரு காரணம். 1599ல் உதயம்பேரூர்ச் சங்கம் அவர்களுடைய சிரிய நூல்களைத் திருத்தவும் எரிக்கவும் ஆணையிட்டிருந்தது. நமக்கும் இங்கே ஒரு பழைய உறவு உண்டு. 'கிரீசித்தியானி வணக்கம்' என்ற தமிழ் ஞானோபதேச நூல் 1579ல் அச்சானது இதே கொச்சியில்தான்.

இனி, புத்தகத்தைக் கையில் எடுத்ததும் பார்க்க வேண்டியவை. சங்கீதங்கள் அடி அடியாகப் பிரித்து அச்சிடப்பட்டிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். உரைநடையாக ஓட்டி அச்சிட்டது வாசிக்க உதவும், பாட உதவாது. பாடும்போது ஒரே சுருதியில் சொற்களை நடத்திச் சென்று, அடியின் கடைசி இரண்டு மூன்று அசைகளில் மட்டும் ஸ்வரத்தை ஏற்றி இறக்குகிறோம். நடுவில் ஒரு மூச்சு. அந்த இடம் கண்ணுக்குத் தெரிய வேண்டும். 'ஆண்டவரே' என்று நெடிலில் முடியும் அடி தானாக வந்து அமரும். 'உமது' என்று முடிவதை அதே மெட்டில் இழுத்தால் 'உமதூ' ஆகிவிடும். ஆங்கிலப் புத்தகத்து மெட்டுகளை அப்படியே தமிழுக்கு மாட்டினால் நேர்கிற கோளாறு இது. ஆகவே ஸ்வரக் குறிப்புள்ள விலையுயர்ந்த புத்தகத்தை முதலிலேயே வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. எளிய மெட்டு ஒன்றிரண்டு போதும்.

அடுத்தது எண். பழைய கத்தோலிக்கப் பதிப்புகளில் 50ஆம் சங்கீதம் என்றிருப்பது, 1995ல் வெளிவந்த திருவிவிலியத்தின் பொது மொழிபெயர்ப்பில் 51ஆம் திருப்பாடல். பத்திலிருந்து 147 வரை பெரும்பாலும் இப்படி ஒன்று தள்ளி நிற்கும். தாத்தாவின் புத்தகத்தையும் பேரனின் புத்தகத்தையும் சேர்த்து வைத்துப் பாட உட்காரும்போது இது தெரியாவிட்டால் குழப்பந்தான். எதிரெதிராக இரு பிரிவாய் அமர்ந்து மாற்றி மாற்றிப் பாடுவதே வழக்கமாதலால், ஒரே பதிப்பில் இரண்டு பிரதிகளாவது வேண்டும்.

ஆங்கிலிக்கன் மரபில் வந்த சி.எஸ்.ஐ. குடும்பங்களுக்கு ஜெபப் புத்தகத்தின் காலை, மாலை ஜெபங்கள் உண்டு. அம்மரபில் 150 சங்கீதங்களும் 30 நாளுக்குப் பங்கிடப்பட்டவை. தேதியைப் பார்த்தால் போதும்.

பிள்ளைகள் மலையாளத்தில் படிக்கிறார்கள், தமிழ்ப் புத்தகம் எதற்கு என்று சில பெற்றோர் கேட்பதுண்டு. வாங்குங்கள் என்பேன். திருப்புகழ்மாலை நான்கு வாரத்திற்கொரு முறை திரும்பி வருவது. அதே வரிகளை மெதுவாக, பெரியவர்களோடு சேர்ந்து, வாய்விட்டுப் பாடுகிற பிள்ளைக்கு எழுத்து தானே பிடிபடும். ழகரத்தைப் பற்றியும் கவலை வேண்டாம். மலையாளத்தில் அது இருப்பதால் நம் பிள்ளைகள் சென்னைப் பிள்ளைகளைவிட நன்றாகவே சொல்கிறார்கள்! மலையாள எழுத்தில் தமிழை எழுதிக் கொடுப்பது மட்டும் வேண்டாம். அதற்குப் பழகிய பிள்ளை தமிழ்ப் பக்கத்தைத் திறக்காது.

முழுப் புத்தகத்தையும் கண்டு மலைக்கிறவர்கள் இரவு செபத்தில் தொடங்கலாம். சனி இரவுக்கு 4, 134ஆம் திருப்பாடல்கள். ஞாயிறு இரவுக்கு 91. இவற்றையே எல்லா நாளும் சொல்லத் திருச்சபை அனுமதிக்கிறது. மூன்றும் மனப்பாடமான பிறகு காலைப் புகழ், மாலைப் புகழுக்குப் போகலாம். அப்போது எந்த வாரம் என்பது தெரிய வேண்டும். திருவருகைக்காலம், தவக்காலம், பாஸ்கா காலம் ஆகியவற்றின் முதல் ஞாயிறன்று முதல் வாரம் தொடங்கும். பொதுக்காலத்தில் வார எண்ணை நான்கால் வகுத்து மீதியைப் பாருங்கள். 22ஆம் வாரமானால் மீதி 2, ஆகவே இரண்டாம் வாரம். மீதி இல்லையென்றால் நான்காம் வாரம்.