விலாசம் தேடும் மலைச்சாரல்

அக்கரப்பத்தனைக்குச் செல்லும் ஒரு கடிதத்தின் மேலுறையைச் சற்றே உற்று நோக்குங்கள். பெயர் இருக்கும். ‘மேற்பிரிவு’ என்றோ ‘கீழ்ப்பிரிவு’ என்றோ ஒரு சொல் இருக்கும். அதன் கீழே தோட்டத்தின் பெயரும் தபாற் கந்தோரின் பெயரும் இருக்கும். அவ்வளவே. வீதியின் பெயரோ வீட்டின் இலக்கமோ பெரும்பாலும் இராது. ஒரே பிரிவில் இராமாயிகளும் பெருமாள்களும் பலர் இருப்பின், அக்கடிதம் எவர் கையை அடைய வேண்டும் என்பதை யார் துணிவது? கடிதக் கட்டைத் தோட்டக் கந்தோரில் ஒப்படைப்பதே நெடுங்கால வழக்கம். அங்கிருந்து அது எப்போது லயத்துக்கு வந்து சேரும் என்பது தோட்டத்தின் சௌகரியத்தைப் பொறுத்தது. நேர்முகப் பரீட்சை நடந்து முடிந்த பின்னர் அதற்கான அழைப்பு வந்து சேர்ந்த கதைகளை மலையகத்து ஆசிரியர்கள் எத்தனையோ கேட்டிருப்பார்கள்.

நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே அகன்றுவரும் பிளவைப் பற்றி உலகெங்கும் பேசப்படுகிறது. மலையகத்தில் அப்பிளவுக்கு மூன்றாவது கரை ஒன்று உண்டு. இலங்கைக் குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாகப் பகுக்கிறது. இருபது ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அங்கேயே வசிக்கும் தொழிலாளர் பத்துப் பேருக்குக் குறையாமலும் உடையதே ‘தோட்டம்’. ஓர் ஊரை அங்கே மக்கள் வாழ்வதைக் கொண்டன்று, அவர்கள் பார்க்கும் வேலையைக் கொண்டே அடையாளம் காணும் விந்தை இது! 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி நாட்டு மக்களில் நூற்றுக்கு 4.4 பேர் இப்பகுப்பில் அடங்கினர். 2016இல் எடுக்கப்பட்ட வறுமைக் கணக்கு நகரத்தில் நூற்றுக்கு 1.9, கிராமத்தில் 4.3, தோட்டத்தில் 8.8 என்று காட்டியது. நகரத்துக்குப் பின்தங்கிய கிராமத்தையும் எட்டிப் பிடிக்க வேண்டிய நிலையில் தோட்டம் நின்றது.

அக்கரப்பத்தனை ஹோட்டன் சமவெளியின் சாரலில் கிடக்கும் பிரதேசம். பத்தனை என்பது மலைப் புல்வெளியைக் குறிக்கும் சொல். புல்லும் காடும் அழிந்து கோப்பி வந்தது. 1869இல் கோப்பியை இலைநோய் பற்றிய பின்னர் தேயிலை வந்தது. வந்த துரைமார் பிறந்த நாட்டின் பெயர்களையும் உடன் கொணர்ந்து நட்டனர். பெல்மோரல் என்பது விக்டோரியா மகாராணி உவந்து தங்கிய ஸ்கொத்லாந்து மாளிகையின் பெயர். வேவர்லி, சேர் வால்டர் ஸ்கொட்டின் நாவலால் புகழ்பெற்ற பெயர். துரைக்கு ஏக்கம் தீர ஊர்ப் பெயர் கிடைத்தது. மலையை வெட்டித் திருத்தியவனுக்குக் கிடைத்தது பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பரா.

இம்மலைகளில் ஊறும் ஆக்ரா ஓயா, கொத்மலை ஓயாவின் வழியே மகாவலியைச் சேர்கிறது. தலவாக்கலையில் அந்நீரைத் தேக்கி, 2012 முதல் 150 மெகாவாட் வலுவுள்ள மேல் கொத்மலை நிலையம் மின்சாரம் ஆக்குகிறது. கொழுந்தோ தூளாகிக் கொழும்பு ஏலத்துக்குப் போகிறது. 1883இல் தொடங்கிய ஏலம் அது. தண்ணீரும் தேயிலையும் தடையின்றி நகரத்தை அடைகின்றன. நகரத்திலிருந்து தோட்டத்துக்கு வரவேண்டியவையே வழியில் நின்றுவிடுகின்றன.

ஏன் நிற்கின்றன என்பதற்குச் சட்டத்திலேயே ஒரு விடை இருந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காரணம் காட்டி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபையின் நிதியைச் செலவிட வழியில்லை என்று நெடுங்காலம் கொள்ளப்பட்டது. தோட்டத்து மக்கள் சபைக்கு வாக்களித்தனர், உறுப்பினரையும் அனுப்பினர். ஆனால் அவ்வுறுப்பினர் தமது லயத்துக்குப் போகும் பாதையில் ஒரு வண்டிக் கல் கொட்டவும் சட்டம் குறுக்கே நின்றது! கிராமத்தான் உரிமையாகக் கேட்டதைத் தோட்டத்தான் துரையின் கந்தோர் வாசலில் நின்று சலுகையாகக் கேட்டான்.

அந்த வாக்கும் எளிதில் வாய்த்ததன்று. 1947இல் தலவாக்கலைத் தொகுதி கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளையைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது. மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, அனுப்பியவர்களை நாடற்றவர்களாக்கியது. மலையகத்திலிருந்து மீண்டும் ஒரு தமிழர் தேர்தலில் வென்று பாராளுமன்றம் சென்றது 1977இல்தான். இடையில், 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மனிதரை எண்ணிக்கையாகப் பங்கிட்டது: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர், மீதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று. எஞ்சியிருந்தோருக்கு வழி செய்த பிரஜாவுரிமைச் சட்டம் 2003இல் வந்தது.

2018இல் இரண்டு மாறுதல்கள் நிகழ்ந்தன. பிரதேச சபைச் சட்டம் திருத்தப்பட்டுத் தோட்டங்களுக்குச் செலவிடும் வழி திறந்தது. சனத்தொகை பெருத்த நுவரெலியா, அம்பகமுவ என்னும் இரு சபைகள் ஆறாகப் பிரிந்து, அக்கரப்பத்தனைக்கென்று ஒரு பிரதேச சபை உருவாயிற்று. இதனைச் சிறு செய்தியாகக் கருதுதல் தவறு. ஆயினும் சபை வந்ததால் நிலம் வந்துவிடவில்லை. 1970களில் அரசுடைமையான தோட்டங்கள் 1992இல் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டு, 53 ஆண்டுக் குத்தகையில் இருக்கின்றன. பாதையைச் சபை செப்பனிடலாம். பாதையின் இருமருங்கும் உள்ள மண் வேறொருவர் கையில்.

நிற்க. இளைஞர் தோட்டத்தை விட்டு ஓடுகின்றனர் என்று குறைகூறுவோர் உளர். 2021இல் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாயாயிற்று; 2024இல் 1,350 ரூபாயாயிற்று. அதற்கும் கொழுந்தின் நிறை குறைந்தால் அரைப் பேர்தான். அந்த நிறை எத்தகையது என்பதை ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என். எஸ். எம். இராமையாவின் வாசகர்கள் அறிவர். கொழும்பில் கட்டட வேலைக்குக் கையாளாக நிற்பவன் இதனிலும் கூடுதலாகப் பெறுகின்றான். மேலும், அங்கே மாலையில் அவன் யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் கைநிறையப் பொட்டலங்களோடு வந்திறங்கும் அவனைக் கண்டு அடுத்த லயத்துச் சிறுவன் பாடப் புத்தகத்தை மூடி வைக்கின்றான். எனினும் அவன் தாய் தோட்டத்தை விட்டு நீங்குவதில்லை. வீட்டில் ஒருவரேனும் பெரட்டில் பெயர் கொடுத்தால்தான் காம்பரா நிலைக்கும் என்ற அச்சம் அவளை விடுவதில்லை. முழங்கால் தேய்ந்த வயதிலும் அவள் மலை ஏறுவது, கூலியை விடக் கூரைக்காகவே.

பள்ளிக்கூடத்தின் கதையும் இதனோடு பிணைந்ததே. 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதன் வரம்புக்கு வெளியே நின்றன. ஓர் ஆசிரியர், ஒரு மண்டபம், ஐந்தாம் வகுப்பு என்றிருந்த அவற்றை அரசு பொறுப்பேற்றது 1970களிலேதான். அதன் பின் விளைந்த முன்னேற்றம் பெரிது. தோட்டத்திலேயே பிறந்து, பத்தனை ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரியில் பயின்று, ஆசிரியராகத் திரும்பியோர் பலர். ஆனால் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்க விரும்பும் மாணவர் பலர் இன்றும் தலவாக்கலையையோ ஹட்டனையோ நுவரெலியாவையோ நாட வேண்டியிருக்கிறது. பஸ் கட்டணமே அங்கு முதற் பரீட்சை. அதில் தேறிப் பட்டம் பெற்றவரும், தம் பெயரில் ஒரு துண்டு நிலம் வேண்டுமெனில் மலையை விட்டு இறங்கியே தேட நேர்கிறது.

தனி வீடுகள் எழாமலில்லை. ஏழு பேர்ச் காணியில் வீடு என்னும் ஏற்பாடும், முதலில் 4,000, பின்னர் 2017இல் நோர்வூட்டில் அறிவிக்கப்பட்ட 10,000 என்னும் இந்திய உதவி வீடுகளும் உண்டு. எழுந்தவை எழுந்தன, லயங்களின் வரிசையோ இன்னும் நீளமானது.

குத்தகை நிலத்தில் குடியிருப்போரின் கதி யாது என்பதற்குத் தமிழகத்திலேயே அண்மையில் ஒரு சாட்சி கிடைத்தது. நெல்லைச் சீமையின் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டம் 1929 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் இருந்தது. தவணை 2028இல் முடிய இருக்க, 2024இலேயே தொழிலாளருக்கு விருப்ப ஓய்வு கொடுத்து அனுப்பும் வேலை தொடங்கிவிட்டது. தலைமுறை தலைமுறையாக அங்கே பிறந்து வளர்ந்தவர்கள், வேலை போனதும் வீடும் போவதைக் கண்டு நீதிமன்றப் படியேறினர்.

அக்கரப்பத்தனை மலைகளின் குத்தகை 2045இல் முடிகிறது. அதனைப் புதுப்பிக்கும் பத்திரம் எழுதப்படுமுன், லயங்கள் நிற்கும் நிலத்தையேனும் தோட்டக் கணக்கிலிருந்து பிரித்து, அளந்து, இலக்கமிட்டு, அங்கு வாழ்வோர் பெயரில் எழுத வேண்டும் என்று கேட்பதற்கு இப்போது ஒரு பிரதேச சபை இருக்கின்றது.