மறுபடி வெளிவரும் ஜாஸ் இசைத்தட்டுகள்: எதை வாங்கலாம், ஏன் வாங்கலாம்?



சென்ற மாதம் எமது வானொலியில் ஜாஸ் இசைத்தட்டுகளைப் பற்றி நான் பேசிய பிறகு சில நேயர்கள் தொலைபேசியில் அழைத்தார்கள். "ஒரே இசைத்தட்டை எத்தனை தரம் வெளியிடுவார்கள்? நீங்களும் எத்தனை தரம் வாங்குவீர்கள்?" என்று ஒரு அண்ணர் சிரித்துக்கொண்டே கேட்டார். என் மனைவி முப்பது வருடமாகக் கேட்கும் கேள்வியும் அதுதான். அன்று நேரம் போதாமையால் சொல்ல முடியாமற் போன பதிலை இங்கே எழுதுகிறேன். ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்களும் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். முடிவில் வருவது எங்கள் எல்லோருடைய வீட்டு அலுமாரியையும் பற்றிய விடயம்.

நான் ஜாஸுக்கு வந்த விதம்

1985ஆம் ஆண்டு எங்களில் பலரைப் போல நானும் கிழக்குப் பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, ரயில் ஏறி மேற்குப் பெர்லினுக்கு வந்தேன். அசூல் கேட்டு, முகாமில் இருந்து, பிறகு ஒரு உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை கிடைத்தது. இரவில் கடை பூட்டிய பின் அங்கிருந்த சமையற்காரர் வானொலியில் ஜாஸ் போடுவார். எனக்கு அப்போது டொச் மொழி விளங்காது. செய்தி விளங்காது, பாட்டும் விளங்காது. ஆனால் இந்த இசையில் பெரும்பாலும் சொற்களே இல்லை. அங்கு நின்றவர்களில் நான் மட்டும் விளங்காமல் நிற்கிறேன் என்ற எண்ணம் அந்த நேரம் இருக்கவில்லை. அதனால்தான் பிடித்தது. முதற் சம்பளங்களில் ஒரு சிறிய வானொலியும் கசற் பதிவும் சேர்ந்த பெட்டி வாங்கினேன். இசைத்தட்டு வாங்கக் காசு இல்லாததால் வானொலியிலிருந்து பதிவு செய்தேன். இசைத்தட்டு சேர்க்கத் தொடங்கியது 1990களில்தான்.

எங்களைப் போன்ற ஒருவர்

ஜாஸ் சேர்ப்பவர்கள் எல்லோரும் அறிந்த பெயர் புளூ நோட். நியூயோர்க்கில் 1939இல் தொடங்கிய நிறுவனம். அதைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் அல்பிரட் லயன். அவர் பெர்லினில் பிறந்த யூதர். இளைஞனாக இருந்தபோது, சாம் வுடிங் என்ற அமெரிக்கக் கறுப்பினக் கலைஞரின் இசைக்குழுவைப் பெர்லினில் கேட்டு இந்த இசையில் மயங்கியவர். நாசிகளின் ஆட்சியில் நாட்டை விட்டு வெளியேறி அமெரிக்கா போய்ச் சேர்ந்தார். அவருடைய இளமைக்கால நண்பர் பிரான்சிஸ் வூல்ஃப், புகைப்படக் கலைஞர், 1939இன் பிற்பகுதியில் கடைசி நேரத்தில் தப்பி வந்து சேர்ந்துகொண்டார். ஒருவர் பதிவு செய்வித்தார், மற்றவர் படம் பிடித்தார். இன்று உலகம் முழுக்க ஜாஸின் முகமாகத் தெரியும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்களில் பல, ஒரு அகதியின் கமராவில் எடுத்தவை. பெர்லினில் அகதியாக வந்து இறங்கியவன் நான். பெர்லினிலிருந்து அகதியாகப் போனவர்கள் அவர்கள். இதை அறிந்த நாளிலிருந்து புளூ நோட் தட்டுகளை வேறு விதமாகத்தான் கேட்கிறேன்.

1950களில் அவர்களுடைய ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டர். பகலில் கண்ணாடிக்குக் கண் பரிசோதிப்பது அவர் தொழில். நியூஜேர்சியின் ஹக்கன்சக் நகரில் தன் பெற்றோருடைய வீட்டு விறாந்தையறையில்தான் ஒலிப்பதிவு செய்வார். ஜோன் கோல்ட்ரேனின் 'புளூ ட்ரெயின்' 1957 செப்ரெம்பர் 15ஆம் திகதி அந்த வீட்டு அறையில் பதிவானது. 1959இல்தான் அவர் இங்கிள்வூட் கிளிஃப்ஸில் தனிக் கூடம் கட்டினார்.

1960களின் நடுவில் புளூ நோட் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 1967இல் லயன் ஓய்வு பெற்றார். வூல்ஃப் 1971இல் காலமானார். பிறகு சில வருடங்களில் பெயர் மட்டுமே மிஞ்சியது. அந்த நேரத்தில் மைக்கேல் கஸ்குனா என்ற இளைஞர் நிறுவனத்தின் களஞ்சியத்துக்குள் போய், வெளியிடப்படாமற் கிடந்த ஒலிநாடாக்களைக் கேட்டு, குறிப்புகளுடன் ஒப்பிட்டு வெளிக்கொணர்ந்தார். 1983இல் அவரும் நண்பர் ஒருவரும் மொசைக் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, தெலோனியஸ் மங்க் புளூ நோட்டுக்காக வாசித்தவை முழுவதையும் ஒரே பெட்டியில் வெளியிட்டார்கள். 1985இல் புளூ நோட் மீண்டும் உயிர்பெற்றது. அதைப் பார்க்க லயன் உயிரோடு இருந்தார் என்பது எனக்கு ஆறுதல். அவர் 1987இல் காலமானார்.

மீள்வெளியீடு என்றால் என்ன?

ஒலிப்பதிவுக்கூடத்தில் பதிவாகும் முதல் ஒலிநாடாவை மூலநாடா என்று சொல்லலாம். இசைத்தட்டு செய்வதற்கு அதிலிருந்து பிரதி எடுப்பார்கள். தாழ்ந்த சுரங்கள் அதிகம் இருந்தால் தட்டில் ஊசி துள்ளும் என்பதால் அவற்றைக் குறைப்பதும் உண்டு. பிரதியிலிருந்து பிரதி எடுக்க எடுக்க இரைச்சல் கூடும், ஒலியின் கூர்மை மழுங்கும். போட்டோப் பிரதியைத் திரும்பத் திரும்பப் போட்டோப் பிரதி எடுத்தால் எழுத்து எப்படி மங்குமோ, அதே கதைதான்.

1980களில் இறுவட்டு வந்தபோது பல நிறுவனங்கள் அவசரத்தில் கையில் அகப்பட்ட பிரதியிலிருந்தே இறுவட்டு செய்தன. "இறுவட்டில் உயிர் இல்லை" என்று அந்தக் காலத்தில் பலர் குறை சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். பின்னர்தான் மூலநாடாக்களைத் தேடி எடுத்து ஒழுங்காக மறுபடி செய்யத் தொடங்கினார்கள்.

வாங்க முன் மூன்று கேள்விகள்

முதலாவது: எந்த நாடாவிலிருந்து எடுத்தது? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஐரோப்பாவில் இருக்கும் நாங்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். இங்கு முன்பு ஒலிப்பதிவுகளுக்கு உரிமைக்காலம் 50 வருடம். 2013இல் அது 70 ஆக்கப்பட்டது. ஆனால் 1963க்கு முன் வெளிவந்தவை ஏற்கனவே உரிமை நீங்கியிருந்ததால் அவற்றுக்கு அது பொருந்தவில்லை. ஆகவே 1950களின் புகழ்பெற்ற ஜாஸ் தட்டுகளை இங்கு யாரும் வெளியிடலாம். மலிவாகக் கிடைக்கும் பல தட்டுகள் அப்படி வந்தவை. சட்டப்படி பிழையில்லை. ஆனால் மூலநாடா அவர்களிடம் இருப்பதில்லை. பழைய இறுவட்டிலிருந்து எடுத்ததாகவும் இருக்கலாம். அட்டையில் மூலநாடாவைப் பற்றி ஒரு வரியும் இல்லாவிட்டால் நான் வாங்குவதில்லை.

இரண்டாவது: யார் செய்தது? வான் கெல்டரே தான் முன்பு பதிவு செய்தவற்றை 1990களின் இறுதியிலிருந்து இறுவட்டுக்காகத் தன் கையால் மறுபடி செய்தார். அவருடைய பெயருடன் வந்த அந்த வரிசை மலிவாகவும் கிடைத்தது. என் சேர்க்கையில் பாதி அதுதான். ஆனால் என் காதுக்கு அவை சற்றுச் சத்தமாக, முன்னால் வந்து நிற்பது போல இருக்கின்றன. 2019இல் புளூ நோட் தொடங்கிய 'டோன் பொயற்' வரிசைத் தட்டுகள் மூலநாடாவிலிருந்து நேரடியாக வெட்டப்பட்டவை. அவற்றில் சக்ஸபோனைச் சுற்றி அந்த அறை கேட்கிறது. விலை கூட. ஒரு நல்ல தட்டை வருடத்தில் ஒரு தரம் பரிசாகக் கேட்டு வாங்குங்கள் என்பதே என் ஆலோசனை.

மூன்றாவது: எதைத் திருத்தினார்கள், எதைச் சேர்த்தார்கள்? மைல்ஸ் டேவிஸின் 'கைன்ட் ஒஃப் புளூ' 1959இல் வந்தது. முதற் பக்கத்து மூன்று உருப்படிகளும் மார்ச் 2ஆம் திகதி பதிவானவை. அன்று ஓடிய இரண்டு பதிவுக் கருவிகளில் ஒன்று சற்று மெதுவாக ஓடியிருக்கிறது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் போட்டால் இசை கொஞ்சம் விரைவாகவும் சுருதி சற்று உயர்ந்தும் கேட்கும். முப்பது வருடத்துக்கு மேலாக உலகம் அப்படித்தான் கேட்டது. 1990களில்தான் மற்றக் கருவியில் ஓடிய நாடாவை எடுத்துத் திருத்தினார்கள். இப்படியான மீள்வெளியீடு கட்டாயம் வாங்க வேண்டியது.

சேர்ப்பதைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். ஒரே உருப்படியை இரண்டு மூன்று தரம் வாசித்ததை நடுவில் செருகினால் தட்டின் ஒழுங்கு கெட்டுவிடும். கடைசியில் வைத்தால் எனக்கு ஆட்சேபமில்லை. இதற்கு விதிவிலக்கு பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1961 யூன் 25ஆம் திகதி நியூயோர்க்கின் வில்லேஜ் வான்கார்ட்டில் வாசித்த நிகழ்ச்சி. அன்று வாசித்தவை 2005இல் மூன்று இறுவட்டுகளாக முழுமையாக வந்தன. மின்சாரம் தடைப்பட்டு இசை அறுந்த இடத்தையும் விட்டுவைத்திருக்கிறார்கள். கோப்பைகள் உரசும் சத்தம், சனம் கதைக்கும் சத்தம் எல்லாம் கேட்கும். பேஸ் வாசித்த ஸ்கொட் லஃபாரோ பதினொரு நாளில் வாகன விபத்தில் இறந்துபோனார். வயது 25. அதை அறிந்து கேட்கும்போது ஒரு வினாடியையும் வெட்ட மனம் வராது.

தொலைந்ததும் கிடைத்ததும்

எவ்வளவு திறமையான நிபுணர் இருந்தாலும் மூலநாடா இல்லையென்றால் ஒன்றும் செய்ய முடியாது. 2008 யூன் 1ஆம் திகதி ஹொலிவூட்டில் யூனிவேர்சல் படப்பிடிப்புத் தளத்தில் தீப்பிடித்தது. அங்கிருந்த களஞ்சியத்தில் பெருந்தொகை மூலநாடாக்கள் எரிந்ததாக 2019இல்தான் நியூயோர்க் ரைம்ஸ் பத்திரிகை விரிவாக எழுதியது. எவ்வளவு அழிந்தது என்பதில் நிறுவனம் உடன்படவில்லை. அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு 1981இல் எரிந்த எங்கள் யாழ்ப்பாண நூலகம் நினைவுக்கு வந்தது. வேறு பிரதியில்லாத ஏட்டுச்சுவடிகள் அங்கேயும் இருந்தன.

எரியாமலே அழிந்தவையும் உண்டு. ஜோன் கோல்ட்ரேன் 1963 மார்ச் 6ஆம் திகதி தன் குழுவுடன் ஒரு முழுத் தட்டுக்குரிய இசையை வாசித்தார். அது வெளிவரவில்லை. களஞ்சியச் செலவைக் குறைப்பதற்காக அதன் மூலநாடாவை நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் கழித்துவிட்டதாகக் கருதப்படுகிறது. ஆனால் அன்று கோல்ட்ரேன் வீட்டில் கேட்பதற்காக ஒரு பிரதியைக் கையோடு கொண்டுபோயிருந்தார். அது அவருடைய முதல் மனைவி நயீமாவின் குடும்பத்தாரிடம் பத்திரமாக இருந்தது. 55 வருடம் கழித்து, 2018இல், அந்த வீட்டுப் பிரதியிலிருந்துதான் 'போத் டிரெக்ஷன்ஸ் அற் வன்ஸ்' என்ற தட்டு வெளிவந்தது. நிறுவனம் எறிந்ததை ஒரு வீட்டு அலுமாரி காப்பாற்றியது.

என் வீட்டில் நடந்தது

இதை நான் வானொலியில் சொல்லவில்லை. 1986இல் கொழும்பிலிருந்து வந்த ஒருவரிடம் அம்மா ஒரு கசற் கொடுத்து விட்டிருந்தா. கடிதத்துக்குப் பதிலாகப் பேசிப் பதிந்து அனுப்புவது அப்போது எங்கள் வழக்கம். பலமுறை கேட்டேன். 1988இல் ஒரு ஞாயிற்றுக்கிழமை வானொலியில் கோல்ட்ரேனைப் பற்றி ஒரு மணிநேர நிகழ்ச்சி. கையில் வெறும் கசற் இல்லை, கடைகள் பூட்டு. அம்மா இன்னொன்று அனுப்புவா தானே என்று எண்ணி அதன் மேலேயே பதிந்துவிட்டேன்.

இன்னொன்று வரவில்லை. 1995 இடப்பெயர்வில் வீட்டிலிருந்தவை எல்லாம் போயின. அடுத்த வருடம் அம்மா வன்னியில் காலமானா.

2018இல் கோல்ட்ரேனின் அந்தத் தட்டைக் கேட்ட பிறகு என் பழைய கசற்றுகளை எடுத்துக் கணினியில் ஏற்றத் தொடங்கினேன். அந்த நிகழ்ச்சி இரண்டாம் பக்கம் முடிய முன்னரே முடிந்திருந்தது. அதன் பின் கடைசியில் நான்கு நிமிடத்துக்கும் குறைவாக அம்மா மிஞ்சியிருந்தா. கிணறு வற்றியதைப் பற்றியும் பக்கத்து வீட்டுக் கலியாணத்தைப் பற்றியும் சொல்லிவிட்டு, "நேரத்துக்குச் சாப்பிடு ராசா" என்கிறா. என் பிள்ளைகள் அப்பம்மாவின் குரலை முதன்முதலாக அன்றுதான் கேட்டார்கள்.

ஆகவே நேயர்களே, ஜாஸ் தட்டு வாங்குகிறீர்களோ இல்லையோ, உங்கள் வீட்டுக் கசற்றுகளை எடுத்துப் பாருங்கள். உங்களிடம் இருப்பதுதான் மூலநாடா. மேற்புறத்தில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள், பிறகு மேலே பதிய முடியாது. போட முன் ஒரு தரம் முழுவதும் முன்னும் பின்னும் சுற்றுங்கள். ஒலிபெருக்கிக்குப் பக்கத்திலோ வெப்பத்திலோ வைக்கவேண்டாம். கணினியில் ஏற்றும்போது சுருக்காமல் முழுக் கோப்பாக ஏற்றி, மூன்று பிரதி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள். யார் பேசுகிறார்கள், எந்த ஆண்டு என்று எழுதி ஒட்டுங்கள். குரலை அடையாளம் காட்டக்கூடியவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள்.

அடுத்த மாதம் தெலோனியஸ் மங்க்கைப் பற்றிப் பேசுவோம்.