எந்தக் கண்டி?

‘கண்டிக்குப் போகிறேன்’ என்று ஒருவர் சொன்னால், அவர் செல்லும் இடம் எல்லார்க்கும் விளங்கிவிடும் என்றே நாம் எண்ணுகின்றோம். ஆயினும், சொல்பவர் யார், சொல்லும் இடம் யாது, காலம் எது என்பன அறியாமல் அப்பெயரின் பொருளைத் துணிந்து கூறல் இயலாது. அக்குறணையிலே பேருந்துக்குக் காத்து நிற்கும் மாணவனுக்குக் கண்டி என்பது பத்துக் கிலோமீற்றர் அளவில் உள்ள நகரம். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தமிழகத்திலே மூட்டை கட்டிய உழவனுக்கு அது கடல் கடந்ததொரு சீமை. பருத்தி வணிகனுக்கு அது ஒரு நிறை. தொல்காப்பியருக்கோ அஃது ஓர் எருமைக் கடா!

பெயர் ஒன்று, பொருளோ பல. இதனை ஆராய்வது வெறும் சொல் விளையாட்டன்று. பெயரின் ஒருமையை நம்பிப் பொருளின் வேற்றுமையை மறப்பதால் வரும் இடர்கள் உண்டு. அவற்றையும் இங்கே காண்போம்.

நூல்களிற் கண்டி

விலங்குகளின் ஆண்பாற் பெயர்களைத் தொல்காப்பியர் மரபியலிலே தொகுத்துக் கூறுகின்றார். களிறு, சேவல், கலை, கடுவன் முதலியவற்றோடு கண்டி என்பதும் அங்கே வருகின்றது. எருமையின் ஆணுக்கு அப்பெயர் உரியது. சைவர் கழுத்தில் அணியும் உருத்திராக்க மாலைக்கும் கண்டி என்று பெயர். கண்டிகை என்றும் வழங்குவர்.

இனி, கண்டித்தல் என்னும் வினையை நோக்குவோம். வடமொழியிற் கண்டம் என்பது துண்டு எனப் பொருள்படும். பிறர் கூற்றை வெட்டி மறுப்பது கண்டனம். துண்டு துண்டாக உறைந்த சருக்கரையும் அதே வேரிற் பெயர் பெற்றது; நம் கற்கண்டு அதன் வழிவந்தது. அச்சொல் அராபியர் வழியாக மேனாடு சென்று, ஆங்கிலத்தில் இனிப்புப் பண்டத்தைக் குறிக்கும் ‘கண்டி’ ஆயிற்று. ஆகவே, ஆசிரியரின் கண்டிப்பும் அன்னையின் கற்கண்டும் உறவுச் சொற்களே! ஒலியில் வேறுபட்டவை உறவாகவும், ஒலியில் ஒன்றானவை அயலாகவும் இருத்தல் சொல்லுலகின் இயல்பு.

ஊரும் நிறையும்

எமது மலைநகரின் பெயருக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. சிங்கள மக்கள் அந்நகரை மகாநுவர, அஃதாவது பெருநகர் என்பர். செங்கடகல என்பது அதன் பழம்பெயர். மலைமேல் நாடு என்னும் பொருளில் ‘கந்த உட ரட்ட’ என்று சிங்களத்தில் வழங்கிய தொடரின் முதற்பகுதியைப் போர்த்துக்கேயர் பிடித்துக்கொண்டு ‘கந்தியா’ என்றனர். நாட்டின் பெயரை அவர்கள் தலைநகருக்கும் சூட்டினர். ஆங்கிலேயரும் அதனையே ஏற்றனர். இவ்வாறு அயலார் நாவிலே திரிந்த பெயரே இன்று உலகறிந்த பெயராயிற்று.

தஞ்சாவூருக்கு வடக்கே திருக்கண்டியூர் உள்ளது. சிவபெருமான் பிரமன் தலைகளில் ஒன்றைக் கொய்ததாகச் சொல்லும் புராணத்தோடு இணைந்த தலம் அது. அட்ட வீரட்டங்களுள் ஒன்று. கேரளத்துத் திரூரை அடுத்தும் ஒரு திருக்கண்டியூர் உண்டு. வங்காளத்து முர்சிதாபாத் மாவட்டத்திலே காந்தி என்று நாம் எழுதக்கூடிய ஊரின் பெயரை ஆங்கில எழுத்தில் எழுதினால் அது கண்டியாகிவிடும். தெலுங்கானாவிலே ஐதராபாத் இந்தியத் தொழில்நுட்பக் கழகம் அமைந்துள்ள ஊரும் கண்டியே. பெயரொற்றுமை கொண்டு இவ்வூர்களுக்கெல்லாம் ஒரே வரலாறு புனைய முற்படுவது வீண்முயற்சி.

கண்டி என்னும் நிறையோ இன்னும் வேடிக்கையானது. பழைய சென்னைக் கணக்கில் இருபது மணங்கு கொண்டது ஒரு கண்டி. அதன் நிறை 500 இறாத்தல். பம்பாயிலும் இருபது மணங்கே ஒரு கண்டி. ஆனால் அங்கே அது 560 இறாத்தல். இந்தியப் பருத்திச் சந்தையில் இன்றும் வழங்கும் கண்டி ஏறக்குறைய 356 கிலோகிராம். எந்த ஊர்க் கண்டி என்று கேளாமல் விலை பேசியவன் கைப்பொருளை இழந்திருப்பான்.

வீதிப் பெயரிலும் இந்நிலை உண்டு. யாழ்ப்பாணத்திலும் கண்டி வீதி உண்டு. கொழும்பை அடுத்த களனியிலும் உண்டு. யாழ்ப்பாணத்தார் கண்டி வீதி என்னும் அதே ஏ-9 வீதி அக்குறணையின் ஊடாகச் செல்கையில் மாத்தளை வீதி எனப்படுகின்றது. செல்லும் திசையே வீதிக்குப் பெயராயிற்று.

மக்களைத் தொடும் பெயர்

இதுவரை கூறியவை சுவையான செய்திகள். மக்களைக் குறிக்கும்போதோ பெயர்க் குழப்பம் வாழ்வையே தொடுகின்றது. ‘கண்டியர்’ என்பவர் யாவர்? கண்டியிலே வாழ்வோர் எல்லாரும் என்றே எவரும் விடை கூறுவர். சட்டம் அவ்வாறு கூறவில்லை. கண்டியச் சட்டம் பழைய கண்டி இராச்சியத்துச் சிங்கள மக்களின் வழிவந்தோர்க்கு உரியது. அவர்களின் திருமணம் பற்றி 1952ஆம் ஆண்டில் 44ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. கரைநாட்டுச் சிங்களவர் ஒருவர் கண்டியிலே குடியேறுவதனால் அச்சட்டத்துக்கு உட்பட்டவர் ஆகார். அக்குறணை முசிலிம் குடும்பத்தின் திருமணத்துக்கு 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம் உண்டு. யாழ்ப்பாணத்துத் தேசவழமை கண்டித் தோட்டத்துத் தமிழரைச் சாராது. ஒரே நகரிலே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்வோர்க்கு மணமும் சொத்துரிமையும் வேறு வேறு நெறியில் அமையலாம். வாழும் ஊரின் பெயரே தம் சட்டத்தின் பெயரும் என்று எண்ணி இருந்துவிட்டால், ஒரு பெண்ணின் சீதனமும் பிள்ளைகளின் பங்கும் சிக்கலுக்குள்ளாகும்.

இதனினும் துயரமானது கண்டிச் சீமையின் கதை. 1820களிலே மலைநாட்டிற் கோப்பித் தோட்டங்கள் தோன்றின. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கூலிகளாக வந்தோர் மன்னாரிலே கரையேறி, காடு வழியே நடந்து மாத்தளையை அடைந்து, மலைத் தோட்டங்களுக்குப் பிரிந்து சென்றனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். நுவரெலியாவோ அற்றனோ பதுளையோ, எங்கே உழைத்தாலும் ஊரிலுள்ளோர்க்கு அவர்கள் கண்டிச் சீமைக்குப் போனவர்களே. கோப்பி அழிந்து தேயிலை வந்த பின்னும் அப்பெயர் மாறவில்லை.

தாய் ஊருக்குக் கண்டியாராகிய அம்மக்கள், கண்டியிலே இந்தியர் எனப்பட்டனர். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் அவர்களுள் மிகப் பலர் பிரசாவுரிமை அற்றோராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என வகுத்தது; எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் தீர்மானிக்க விடப்பட்டது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, இலங்கையில் நாடற்றோராய் எஞ்சியிருந்தவர்களுக்குக் குடியுரிமை பெறும் வழியை வகுத்தது. மூன்று தலைமுறை கண்டியிலே பிறந்து வளர்ந்தும், கண்டி என்னும் பெயரிலே அவர்களுக்குப் பங்கு இல்லாதிருந்தது.

பெயர் ஒரு கூட்டத்துக்கே உரியது என்பார் ஒரு செய்தியையும் நினைத்தல் வேண்டும். 1739 முதல் 1815 வரை கண்டி அரியணையில் இருந்த மன்னர் நால்வரும் தென்னிந்திய நாயக்கர் குலத்தினர். கண்டியின் வரலாற்றை ஆக்கியோர் பல வழியில் வந்தோரே.

இலக்கணம் காட்டும் வழி

பல பொருள் குறித்த ஒரு சொல்லை எவ்வாறு தெளிவது? தொல்காப்பியர் இதற்கும் வழி வகுத்துள்ளார். அச்சொல் கொண்டு முடியும் வினையாலும், உடன் வரும் இனத்தாலும், சார்ந்து நிற்கும் இடத்தாலும் பொருள் தெளியப்படும் என்பது அவர் கருத்து. மா பூத்தது என்றால் மரம். மா ஓடிற்று என்றால் விலங்கு. வினையாலும் வேறுபாடு விளங்காவிடத்து, கூறுபவனே தான் கருதிய பொருளை விளங்கச் சொல்லுதல் வேண்டும் என்றும் அவர் விதிக்கின்றார்.

மாணவர்கள் இவ்விதியைத் தேர்வுக்காக மாத்திரம் மனனம் செய்தல் போதாது. ஓர் ஊர்ப்பெயரைக் காட்டி இம்மண் எமதே என ஒருவர் வாதிக்கும்போதும், ஒரு குலப்பெயரைக் காட்டி இவர்கள் இன்னார் என முடிவு கட்டும்போதும், எந்தப் பொருளில், எந்தக் காலத்தில், எவர் வாயில் வழங்கிய பெயர் என்று முதலிற் கேட்டல் வேண்டும். பேசும் நாமும், எந்தக் கண்டியைக் கருதுகின்றோம் என்பதை விளங்கச் சொல்லப் பழகுவோமாக.